விசாகப்பட்டினம் குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகம்: குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரையில் (ஊரில் எல்லோருக்கும் அது ஆர்.கே. பீச்) கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பெயர் ஐ.என்.எஸ். குர்சுரா. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் சென்னைப் பக்கமிருந்து ரயிலேறி அரக்குப் பள்ளத்தாக்கு, பொர்ரா குகை என்று போகிறவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது வழக்கம். அவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள். நேரம், டிக்கெட் பற்றியெல்லாம் சுருக்கமாகத்தான் இருக்கும். உள்ளே எதைப் பார்ப்பது என்பதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது பார்வைக்காகச் செய்து வைத்த மாதிரியா, நிஜக் கப்பலா?

நிஜம்தான். சோவியத் யூனியனில் கட்டிய டீசல்–மின்சார நீர்மூழ்கி. 1969 டிசம்பர் 18-ஆம் தேதி ரீகா துறைமுகத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அப்போது சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. அதனால் ஐரோப்பாவிலிருந்து நேராக வர வழியில்லை. ஆப்பிரிக்காவை முழுக்கச் சுற்றிக்கொண்டு 1970-ல் இந்தியா வந்தது. 31 ஆண்டு வேலை பார்த்து 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. அதுவரை கடலில் ஓடிய தூரம் 73,500 கடல் மைல்.

அதன்பிறகு கப்பலை இழுத்து வந்து, மணலில் காங்கிரீட் மேடை கட்டி அதில் ஏற்றினார்கள். 2002 ஆகஸ்ட் 9-ல் திறப்பு விழா. அதே மாதம் 24-ஆம் தேதியிலிருந்து பொதுமக்களை உள்ளே விட்டார்கள். நீளம் 91.3 மீட்டர். நாலு ரயில் பெட்டியைச் சேர்த்து நிறுத்தினால் என்ன நீளமோ அவ்வளவு. ஆனால் ரயில் பெட்டியில் இருக்கிற தாராளத்தை உள்ளே எதிர்பார்க்காதீர்கள்.

எந்த நாள், எத்தனை மணிக்குப் போவது?

திங்கட்கிழமை விடுமுறை. வாரநாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் திறப்பது வழக்கம், இரவு எட்டு, எட்டரை வரை இருக்கும். ஞாயிறன்று காலையிலும் திறப்பார்கள். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுகிற விஷயம், கிளம்புவதற்கு முன் தங்கியிருக்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் வாரநாளில் திறந்தவுடன் போவதுதான் சரி. ஞாயிறு சாயங்காலம் மொத்த ஊரும் அந்தக் கடற்கரைக்கு வந்துவிடும். வரிசையில் நிற்பதுகூடப் பரவாயில்லை. உள்ளே போனபின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பார்கள், எதையும் நின்று பார்க்க முடியாது.

"பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம், ஒன்றுமில்லை" என்கிறார்களே?

ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும் ஒற்றைவழிப் பாதை அது. நிற்காமல் நடந்தால் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. குழாய், சக்கரம், மீட்டர், மறுபடி குழாய் என்று எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. குர்சுராவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் டியூ-142 என்ற பெரிய விமானம் நிற்கிறது. நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே செய்த விமானம் அது. அதே கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் நடந்தால் 1971 போரின் வெற்றி நினைவிடம். அந்தப் போரில் இதே ஊரின் கரைக்கு வெளியே ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கியது. ஒளிந்துகொள்ளும் கப்பல், அதைத் தேடும் விமானம், ஒளிந்தும் தப்பாத ஒரு கப்பலின் கதை என்று மூன்றையும் அந்த வரிசையில் பார்த்தால் பிள்ளைகளுக்கு விஷயம் தானாகப் புரியும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே போட்டோ எடுக்கும் இடம், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டரை, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளே போவதற்கு முன் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வைக்கலாம்?

டிக்கெட் வாங்கியதும் ஏறிவிடாமல், கப்பலை வெளியிலிருந்து ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் வரிசையாகத் திறப்புகள் இருக்கும். "கப்பலில் ஓட்டை இருந்தால் மூழ்கிவிடாதா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இந்தக் கப்பலுக்கு இரண்டு ஓடுகள். நாம் வெளியே பார்ப்பது கடல்நீர் புகுந்து வெளியேறுகிற மேல் ஓடு. மனிதர்கள் இருப்பது உள்ளே உள்ள கெட்டியான உருளை ஓட்டில். இரண்டுக்கும் நடுவில் தொட்டிகள். தொட்டியில் நீரை விட்டால் எடை கூடிக் கப்பல் கீழே போகும். சேமித்து வைத்திருக்கும் அழுத்தக் காற்றை விட்டு நீரை வெளியே தள்ளினால் மேலே வரும்.

உள் ஓடு ஏன் உருளை வடிவம் என்பதற்கும் ஒரு கணக்கு சொல்லலாம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் கீழே போகும்போதும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இந்த வகைக் கப்பல்கள் 250 மீட்டர் ஆழம் வரை போகக்கூடியவை. அந்த ஆழத்தில் ஓட்டின் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் சுமார் 25 கிலோ அழுத்தும். பிள்ளையின் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் சுமார் இரண்டு டன்! கையை விரித்துக் காட்டிச் சொல்லிப் பாருங்கள், உள்ளே போனதும் முதலில் சுவரைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.

உள்ளே என்னென்ன இருக்கிறது? எங்கே நிற்க வேண்டும்?

ஏழு பகுதிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கனமான கதவு. ஓரிடத்தில் தண்ணீர் புகுந்தாலோ தீப்பிடித்தாலோ அந்தப் பகுதியை மட்டும் அடைத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம் என்பதுதான் ஏற்பாடு. அடைத்த பகுதிக்குள் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள், இது போர்க்கப்பல்.

முன்பகுதி டார்பிடோ அறை. டார்பிடோ என்பது தண்ணீருக்குள்ளேயே பாய்ந்து போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதம். முன்னால் ஆறு, பின்னால் நான்கு என்று மொத்தம் பத்துக் குழாய்கள். ஒரே சமயத்தில் 22 டார்பிடோக்களைச் சுமந்து போகும். டார்பிடோ பக்கத்திலேயே ஆட்கள் படுக்கும் படுக்கைகளும் உண்டு. எட்டு அதிகாரிகள், 67 மாலுமிகள் என்று 75 பேருக்கான கப்பல். ஆளுக்கொரு படுக்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் டியூட்டிக்கு எழுந்தால் அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து படுப்பார்.

இரண்டாவது, நான்காவது பகுதிகளில் எல்லோரும் அதிகாரிகளின் குட்டி அறைகளையும் சமையலறையையும் எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள். காலுக்கு அடியில்தான் பேட்டரிகள், வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான செல்கள். டீசல் இன்ஜின் ஓடக் காற்று வேண்டும், தண்ணீருக்கு அடியில் காற்று ஏது? மூழ்கியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு பேட்டரியில் மோட்டாரை ஓட்டுவார்கள். பேட்டரி இறங்கியதும் மேற்பரப்புக்குப் பக்கத்தில் வந்து, ஸ்நார்க்கெல் என்ற குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காற்று இழுத்து, டீசலை ஓட்டி மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்த நேரம்தான் ஆபத்து. குழாய் ரேடாரில் தெரியும், இன்ஜின் சத்தம், நீருக்குள் ஒலியை வைத்துத் தேடும் சோனார் கருவியில் கேட்கும். எதிரே நிற்கிற விமானம் காத்திருப்பது இந்த நேரத்துக்குத்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்த்தால் போதும்.

சமையலறை இருக்கும் அளவைப் பார்த்தால் வீட்டில் சமைப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். 75 பேருக்கு மூன்று வேளையும் அங்கேதான். நல்ல தண்ணீர் அளந்துதான் செலவு, குடிக்கவும் சமைக்கவும் போக மிஞ்சினால்தான் மற்றதற்கு. நாள்கணக்கில் குளிக்க மாட்டார்கள் என்று கைடு சொல்லும்போது குளிக்க அடம்பிடிக்கிற பிள்ளைகள் முகம் மலரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பகுதி கட்டுப்பாட்டு அறை. பெரிஸ்கோப், திசைமாற்றும் கருவிகள், ஆழம் காட்டும் மீட்டர்கள், தொட்டிகளுக்கான வால்வுகள் என்று கப்பலின் மூளை முழுக்க இங்கேதான். கூட்டம் அடைத்துக்கொள்வதும் இங்கேதான். முடிந்தால் ஓரமாக ஒதுங்கி இரண்டு குழுக்களைப் போக விட்டுவிட்டு நிதானமாகப் பாருங்கள்.

அப்புறம் ஐந்தாவதில் மூன்று டீசல் இன்ஜின்கள், ஆறாவதில் மூன்று மின்மோட்டார்கள், ஏழாவதில் பின்பக்க டார்பிடோக்கள். இன்ஜின் அறையில் இப்போது அமைதி. அந்த மூன்றும் முழு வேகத்தில் ஓடினால் இந்த இடத்தில் என்ன சூடு, என்ன சத்தம் என்று கைடிடம் கேளுங்கள்.

கைடுகள் யார்? தமிழில் சொல்வார்களா?

பெரும்பாலும் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள். இந்த அருங்காட்சியகத்தின் உண்மையான சொத்து அவர்கள்தான் என்பேன். விளக்கம் தெலுங்கு, இந்தி, ஆங்கிலத்தில் இருக்கும். கூட்டமாக இருந்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். "நீங்கள் எந்தக் கப்பலில் இருந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

சின்னக் குழந்தைகள், பாட்டி தாத்தா எல்லோரும் போகலாமா?

ஏறி இறங்கப் படிகள் உண்டு. உள்ளே நடைபாதை மிகக் குறுகல். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தலையைக் குனிந்து காலைத் தூக்கி வைக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ போகாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம், தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டியை வற்புறுத்தாதீர்கள். அவருக்கு எதிரே உள்ள விமானம்தான் நல்லது, வெளியில் நின்றே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

ஆறேழு வயதுக்கு மேல் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஏதாவது மனதில் நிற்கும். பெண்கள் புடவையில் போகலாம், ஆனால் சுடிதார் சௌகரியம். வழுக்கும் செருப்பு வேண்டாம். கழிவறைக்குப் போய்விட்டுத்தான் ஏற வேண்டும், நடுவில் திரும்பி வர வழியில்லை.

மூடிய இடம் என்றால் எனக்குப் படபடப்பு வரும். போகலாமா?

லேசான பயம் என்றால் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். உள்ளே விளக்கு வெளிச்சம் உண்டு, இரண்டு முனையும் திறந்திருக்கும். கூட்ட நேரத்தில் முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்க, நடுவில் மாட்டிக்கொண்டால் சிரமம்தான். எம்.ஆர்.ஐ. எடுக்கவே பயப்படுகிறவர்கள் வெளியில் இருந்துவிடுவது மேல்.

குர்சுரா போரில் சண்டை போட்டதா?

1971 போர்க் காலத்தில் அரபிக்கடலில் ரோந்து போனது. எந்தக் கப்பலையும் மூழ்கடித்ததில்லை. இதைக் கேட்டதும் பையன்களுக்கு முகம் சுருங்கிவிடும். நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியாமல் இருப்பதே பாதி வேலை என்பதைச் சொல்லி வையுங்கள். குர்சுரா இருந்த கல்வரி வகுப்பில் மொத்தம் நான்கு கப்பல்கள்: கல்வரி, கந்தேரி, கரஞ்ச், குர்சுரா. 1967 டிசம்பர் 8-ல் முதல் கப்பலான கல்வரி சேர்ந்ததை வைத்துத்தான் அந்த நாளைக் கடற்படை நீர்மூழ்கி தினமாகக் கொண்டாடுகிறது.

எதிரே நிற்கும் விமானத்தில் அப்படி என்ன விசேஷம்?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. இந்த டியூ-142 விமானங்கள் நம் அரக்கோணத்தில் இருந்தவை. 1988-ல் கோவாவுக்கு வந்து, 1992-லிருந்து அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் இருந்து பறந்தன. 29 ஆண்டு சேவைக்குப் பிறகு 2017 மார்ச்சில் அங்கேதான் விடைகொடுத்தார்கள். அரக்கோணம் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், இதன் இரைச்சலைப் பற்றி அவரையே சொல்லச் சொல்லுங்கள். இந்த விமான அருங்காட்சியகத்தை 2017 டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார்.

இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி 50 மீட்டர், நீளம் சுமார் 53 மீட்டர். நான்கு இன்ஜின்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சுழலிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றும். இறக்கைக்குக் கீழே போய் நின்று இதைக் காட்டுங்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் காட்சிப் பொருட்களில் தவறவிடக் கூடாதது சோனோபாய் எனப்படும் உருளைகள். விமானம் இவற்றைக் கடலில் வரிசையாகப் போட்டுவிட்டுப் போகும். மிதந்துகொண்டே தண்ணீருக்கு அடியில் வருகிற சத்தத்தைக் கேட்டு விமானத்துக்கு ரேடியோவில் அனுப்பும். சற்றுமுன் பார்த்த அந்த இன்ஜின் அறையின் சத்தத்தை இது கேட்டுக்கொண்டிருக்கும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இரண்டும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். நீர்மூழ்கியை முதலில் பார்த்துவிட்டு விமானத்துக்கு வரச் சொல்வது இதற்காகத்தான்.

வெற்றி நினைவிடத்தில் சொல்லப்படும் காஸி கதை என்ன?

1971-ல் இந்தியாவிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். அதை வேட்டையாட பாகிஸ்தான் தன் காஸி நீர்மூழ்கியை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. காஸி அமெரிக்காவிடமிருந்து குத்தகைக்கு எடுத்த பழைய கப்பல், நீண்ட தூரம் போகக்கூடியது. நம் கடற்படை விக்ராந்தை ரகசியமாக அந்தமான் பக்கம் நகர்த்திவிட்டு, விசாகப்பட்டினத்துக்கு வெளியே ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற சிறிய கப்பலை விட்டு, விக்ராந்த்தான் அங்கே இருக்கிறது என்று நம்பும்படி ரேடியோவில் ஏகப்பட்ட செய்திகளை அனுப்ப வைத்தது. டிசம்பர் 3-4 இரவில் காஸி இந்தக் கரைக்குப் பக்கத்தில் வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த தொண்ணூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ராஜ்புத் வீசிய வெடிகுண்டால் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. கப்பலுக்குள் நேர்ந்த வெடிப்போ அது வைத்த கண்ணிவெடியோதான் காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லலாம். குர்சுராவின் உள்ளே நடந்துவிட்டு வந்தபின் இந்தக் கதையைக் கேட்டால் அவர்கள் கைதட்டுவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குறுகலான நடைபாதை அப்போதுதான் ஞாபகம் வரும் போலிருக்கிறது.

கடற்படை தினத்தன்று போனால் கூடுதலாக ஏதாவது பார்க்கலாமா?

டிசம்பர் 4, கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை 1971-ல் தாக்கியதன் நினைவு நாள். பல ஆண்டுகள் அன்றைய சாகச நிகழ்ச்சி இந்தக் கடற்கரைக்கு எதிரேதான் நடந்தது. இப்போது வேறு கடற்கரை ஊர்களுக்கும் கொண்டுபோகிறார்கள். எந்த ஊரில் என்பதைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஆர்.கே. பீச்சில் நடந்தால் கூட்டம் அலைமோதும், அருங்காட்சியகத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் நல்லது? எப்படிப் போவது?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் தாங்காது, இரும்புக் கப்பலுக்குள் கேட்கவே வேண்டாம். அக்டோபர், நவம்பரில் புயல் சின்னம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் இந்த ஊரை நேராகத் தாக்கியது.

சென்னையிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர். கோரமண்டல், ஹவுரா மெயில் எல்லாம் இந்த வழியாகப் போகின்றன. விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் வந்த ரயில் திரும்ப எதிர்த்திசையில்தான் கிளம்பும். இறங்காத குடும்பங்கள் "மறுபடி சென்னைக்கே போகிறதா" என்று பதறுவதைப் பார்க்கலாம். நிலையத்திலிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான்.

பார்த்து முடித்தபின் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். பார்வைக்கு மெரினா மாதிரி சாதுவாகத் தெரிந்தாலும் (மெரினாவும் சாது இல்லை) ஆர்.கே. பீச்சில் இழுப்பு அதிகம், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடலாடியே தீர வேண்டும் என்றால் ருஷிகொண்டா கடற்கரைப் பக்கம் போய், காவலர்கள் இருக்கும் இடத்தில் இறங்கலாம்.

அங்கேயே சாப்பிட என்ன கிடைக்கும்?

சாயங்காலம் ஆனால் கடற்கரை முழுக்கத் தள்ளுவண்டிதான். சுட்ட சோளம், மிளகாய் பஜ்ஜி, அதை வெட்டி உள்ளே வெங்காயம் திணித்துக் கொடுப்பது, பொரியில் காரம் புளிப்பு எல்லாம் கலந்த முரி மிக்சர், சின்னச் சின்ன போண்டா மாதிரி இருக்கும் புனுகுலு. காரம் ஆந்திராக் காரம், பிள்ளைகளுக்கு வாங்கும்போது குறைத்துப் போடச் சொல்லுங்கள். சொன்னாலும் கொஞ்சம் போடுவார்கள், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.